விண்ணப்பத்தில் என் கைபேசி எண்

போன மாதம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் சேவை மையத்தில், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஏஐ வந்துவிட்டதாம். இனி பொதுமக்கள் தங்கள் பேச்சிலேயே போனில் சொன்னால் போதும், விண்ணப்பத்தை அது நிரப்பிவிடும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அந்த மையத்தில் மேஜை நாற்காலி போட்ட நாளிலிருந்து உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் என்பதால், பத்து நிமிஷம் பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். நானும் போய் சர்வர் வேலை செய்யாத கதைகளைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பொன்னாடை போட்டார்கள்.

அங்கே ஒரு பெண் எழுந்து, "ஏனுங்க மேடம், இது வந்துட்டா நமக்கு இனி வேலை இருக்குங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இருக்கும், பயப்படாதீங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அன்றைக்கு மத்தியானமே அது என் எதிரில் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திருச்செங்கோட்டில் தட்டச்சு படித்தேன், தமிழும் ஆங்கிலமும் இரண்டிலும் ஹையர். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பிறகு சங்கத்துக் கட்டடத்திலேயே சேவை மையம் திறந்தார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று தாலுகா ஆபீஸுக்கு அலைந்த ஜனங்களெல்லாம் என் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். விரல் வேகம் இருந்தது, அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்போது சங்கச் செயலாளராக இருந்தவர் நாச்சிமுத்து. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாம் செய்வதை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். எல்லாரையும், பியூனைக்கூட, "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார்.

அவர் வைத்த ஒரு முறை இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியதும் உடனே அனுப்பிவிடக் கூடாது. திரையில் இருப்பதை ஒவ்வொரு வரியாக எதிரில் இருப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதை அவர் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும். "அவிக தலையாட்டுனா பத்தாதுங்க அம்மிணி. சரிதானுங்கன்னு வாயில சொல்லோணும். அப்பத்தான் அனுப்போணும்" என்பார். ஒருமுறை ஜேடர்பாளையம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பட்டா மாறுதல் மனு போட்டேன். படித்துக் காட்டும்போது, "அந்தப் பூமி என்ற தம்பிதுங்க, என்றது வாய்க்காலுக்கு அக்கட்டால இருக்குது" என்றார். சர்வே எண்ணில் உட்பிரிவை மாற்றி அடித்திருந்தேன். படிக்காமல் அனுப்பியிருந்தால் அண்ணன் தம்பி கோர்ட்டில்தான் நின்றிருப்பார்கள். செயலாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மனு என்று மட்டும் கேட்டார்கள். கூட்டமும் அதிகமானது. படித்துக் காட்டுவதை நான் சிறிது சிறிதாக விட்டேன். முதலில் பெயரும் தேதியும் மட்டும் படித்தேன், பிறகு பெயர் மட்டும். கடைசியில் "எல்லாம் சரியா இருக்குது, போயிட்டு வாங்க" என்பதோடு சரி.

இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கைபேசி எண் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் மனு நகரும். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் ஆண்கள் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடப் போயிருப்பார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அவர்களோடு போய்விடும். கியூவில் நிற்கும் பெண்ணிடம் எண் கேட்டால் கையைப் பிசைவாள். சர்வர் வேலை செய்கிற நேரமே கொஞ்சம். என்ன செய்வது? என் எண்ணையே போட்டேன். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த ஆபரேட்டர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அதை உதவி என்றுதான் நினைத்தோம். ஜனங்களும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஓடிபியோடு முடிவதில்லை. மனு எங்கே இருக்கிறது, அதிகாரி என்ன கேட்டிருக்கிறார், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாச் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். என் போனில் ஊரார் செய்தியெல்லாம் குவிந்தது. ஆங்கிலத்தில், பெயர்கூட இல்லாமல், விண்ணப்ப எண்ணோடு மட்டும் வரும். நான் அவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. போன் நிறைந்துவிட்டால் மொத்தமாக அழித்துவிடுவேன்.

மல்லிகா வந்தது ஒரு ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை நேரம், கியூ வாசலைத் தாண்டி நின்றது. அவள் விசைத்தறியில் வேலை செய்கிறவள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, தாரணி. இறக்கிவிட்டால் நடக்கிற பிள்ளைதான், ஆனால் பின்னால் வண்டி வந்தால் தெரியாது என்று தூக்கியே வைத்திருந்தாள். பிறவியிலேயே காது கேளாது. அரசுக் காப்பீட்டில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் செய்யலாம், ஆறு வயது முடிவதற்குள் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும்.

"ஊட்டுக்காரரு ரிக்குல போயிட்டாருங்க மேடம். எந்த ஊருன்னே தெரியல. போனும் அவருகிட்டத்தானுங்க" என்றாள்.

நான் என் எண்ணைப் போட்டேன். படித்துக் காட்டவில்லை. ஒப்புகைச் சீட்டை அச்சடித்துக் கொடுத்து, "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றேன். குழந்தை என் விசைப்பலகையில் கை வைத்து ஒரு எழுத்தை அமுக்கியது. நான் அதன் கையை எடுத்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து அவள் வந்தபோது இணையதளம் வேலை செய்யவில்லை. அரை நாள் தறியை நிறுத்திவிட்டு வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். இன்னொரு வாரம் கழித்து வந்தாள். கூட்டத்தில் தலை நிமிர நேரமில்லை. "வந்தா ஆபீஸுக்குத் தகவல் வரும் அம்மிணி. நானே சொல்லிவிடறேன், எதுக்கு வேலையக் கெடுத்துக்கிட்டு அலையறீங்க" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு அதிகாரி தனக்காக இவ்வளவு அக்கறைப்படுகிறாரே என்று நினைத்திருப்பாள். நான் சொன்ன அந்த வார்த்தையை நம்பி அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

செப்டம்பரில்தான் மறுபடி வந்தாள். "இன்னும் வரலீங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்குக் கூட்டமில்லை. விண்ணப்ப எண்ணை அடித்துப் பார்த்தேன். மனு போட்ட பன்னிரண்டாம் நாளே, கணவரின் வேலை பற்றி ஒரு உறுதிமொழிக் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்தால் முடிகிற காரியம். கொடுத்த கெடுவுக்குள் பதில் வராததால் ஆகஸ்டிலேயே மனுவை முடித்துவிட்டார்கள். தகவல் தெரிவித்தாயிற்று என்று குறிப்பு இருந்தது. தெரிவித்தது எனக்கு.

எதிரில் மல்லிகா நிற்கிறாள். பின்னால் புதுச் செயலாளர் உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சத்தம் வரும், விசாரணை வரும், சொந்த எண்ணைப் போட்டது வெளியே வரும். இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் மனதில் ஓடியது. "மேல தள்ளுபடி பண்ணீட்டாங்க அம்மிணி. நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. திரையில் இருப்பது ஆங்கிலம், அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் சொன்னதுதான் அவளுக்கு அரசாங்கம் சொன்னது. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சரிங்க மேடம், போயிட்டு வாரேனுங்க" என்றாள். எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

அதற்கப்புறம் யாருக்கும் என் எண்ணை நான் போடவில்லை. பக்கத்து வீட்டு எண்ணையாவது கேட்டு வாங்கி வரச் சொன்னேன். படித்துக் காட்டுவதையும் மறுபடி ஆரம்பித்தேன். என் வேலையை எல்லாரும் மெச்சினார்கள். மல்லிகா குடியிருந்த தறிக்காரர் வீதி வழியாக மட்டும் நான் போவதில்லை. தாரணியைச் சேலத்தில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டேன். நன்றாகப் படிக்கிறாள் என்றார்கள். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். பொன்னாடை போட்டு முடித்ததும், பொதுமக்களில் சிலரை அழைத்து அந்தப் பேசும் உதவியைச் செய்து காட்டச் சொன்னார்கள். அதற்கு வந்தவர்களில் மல்லிகாவும் இருந்தாள். தலை நரைத்திருந்தது. கூட வந்த உயரமான பெண் தாரணி. பதினேழு வயது. கல்லூரி உதவித்தொகைக்கு மனுப் போட வந்திருந்தார்கள்.

முதலில் மல்லிகா பேசினாள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். "என்ற புள்ள காலேசு சேரப் போவுதுங்க. காது கேக்காதுங்க. அதுக்கு ஏதோ பணங் குடுப்பாங்களாமா?" அந்த உதவி அதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டது. எந்தப் பள்ளி, எந்த ஊர், மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறதா. ஓரிடத்தில் தாலுகாவைத் தப்பாக எடுத்துக்கொண்டது. அதுவரை அம்மாவின் பேச்சு திரையில் எழுத்தாக வருவதைப் படித்துக்கொண்டிருந்த தாரணி, சட்டென்று விரலால் தட்டித் திருத்தினாள். முடிந்ததும் அது எல்லா வரியையும் தமிழில் வாசித்து, "இதெல்லாம் சரியா?" என்று கேட்டது. "சரிதானுங்க" என்றாள் மல்லிகா. எனக்கு நாச்சிமுத்து வந்து நிற்பது போல இருந்தது.

அப்புறம் தாரணி அம்மாவின் மஞ்சள் பையைத் துழாவி ஒரு பழைய தாளை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. நான் அச்சடித்துக் கொடுத்த ஒப்புகைச் சீட்டு. அதைப் போனில் படம் எடுத்து, இது ஏன் தள்ளுபடி ஆனது என்று தட்டினாள். அது அந்த எண்ணை வைத்துப் பழைய விவரத்தைத் தேடி எடுத்து, மல்லிகாவும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னது. "இந்த விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படவில்லை. ஒரு கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. பதில் வராததால் முடிக்கப்பட்டது. இந்தத் தகவல், சீட்டில் உள்ள கைபேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது."

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. "அந்த நம்பரு யாருதுங்க மேடம்? எங்க கிட்ட அப்பப் போனே இல்லீங்களே" என்றாள்.

புதுப் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எத்தனை வருசமாச்சு அம்மிணி, இப்ப எப்படித் தெரியும்?" என்றேன். அறுபது வயதில், பொன்னாடையோடு, இரண்டாவது பொய். தாரணிக்கு நான் சொன்னது காதில் விழவில்லை. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு செய்தி வந்தது. இத்தனை வருஷமும் நான் எண்ணை மாற்றவில்லை. "வணக்கம். என் பெயர் தாரணி. என் பழைய விண்ணப்பத்தில் உங்கள் எண் இருக்கிறது. நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?" அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அதையே பத்து முறை படித்திருப்பேன். "நாளைக் காலையில் வருகிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். யார் என்று எழுத விரல் வரவில்லை.

மறுநாள் தறிக்காரர் வீதிக்குப் போனேன். மல்லிகா வீட்டிலேயே இரண்டு தறி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, "வாங்க மேடம், வாங்க" என்று சேரைத் துடைத்துப் போட்டாள். தாரணி அவளுக்குப் பின்னால் நின்றாள். "அந்த நம்பர் என்னுது" என்று நான் சொன்னதும், மல்லிகா சரியாகக் கேட்காதவள் போலச் சிரித்தாள். தாரணி போனை எடுத்துப் பேச்சை எழுத்தாக்கும் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். மறுபடி சொல் என்று கண்ணால் காட்டினாள்.

ஆயிரக்கணக்கான பேர் சொன்னதை நான் எழுத்தாக்கியிருக்கிறேன். நான் சொல்வதை இன்னொன்று எழுதுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் எண்ணைப் போட்டது, செய்தியைத் திறக்காமல் அழித்தது, நானே சொல்லிவிடுகிறேன் என்று அவளை அனுப்பியது, செப்டம்பரில் பார்த்துவிட்டுத் தள்ளுபடி என்று பொய் சொன்னது, நேற்றுச் சொன்னது எல்லாம் வரிசையாக அந்தத் திரையில் ஏறின. அது எதையும் மழுப்பவில்லை. நான் நிறுத்தினால் அதுவும் நின்று, நான் பேசியதும் மறுபடி எழுதியது.

மல்லிகா கீழே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க நல்லவீகன்னு ஊரெல்லாம் சொன்னனேங்க" என்றாள்.

இந்த ஏஐ எல்லாருக்கும் நல்லதா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டால் இனி இதைச் சொல்வேன். அதுவும் தப்புச் செய்கிறது, தாலுகாவை மாற்றிப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் மல்லிகா மாதிரி ஒருத்தி "ஏன் தள்ளுபடி?" என்று தன் பேச்சிலேயே அதனிடம் கேட்கலாம். வேண்டுமானால் நூறு தரம் கேட்கலாம். என்னிடம் அவள் ஒரு தரம்கூடக் கேட்க முடியவில்லை. நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தேன், அவள் அந்தப் பக்கம் இருந்தாள். நம் வேலை இருக்குமா போகுமா என்பதைவிட, எத்தனை பேர் நம்மை மட்டும் நம்பி ஏன் என்று கேட்காமல் திரும்பிப் போனார்கள் என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

தாரணி திரையில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். செப்டம்பர் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து நின்றாள். பிறகு அவள் தட்டினாள். போன் அதைப் பெண் குரலில் சொன்னது, எங்கள் இரண்டு பேருக்கும் கேட்க.

"என் பிறந்த நாள் நவம்பரில். நீங்கள் பார்த்தபோது எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது."

அதை நான் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. அவள் பிறந்த தேதியை என் கையால்தான் அடித்திருந்தேன். அந்தச் செப்டம்பரிலேயே மல்லிகாவிடம் உண்மையைச் சொல்லி, நாலு வரிக் கடிதம் வாங்கி மறுபடி மனுப் போட்டிருந்தால் சான்று வந்திருக்கும். அவளைக் கெடுத்தது நான் பார்க்காமல் விட்ட செய்தி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தாரணி எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு, போனை மறுபடி என் பக்கம் நீட்டினாள். திரை வெறுமையாக இருந்தது. பிறகு அதில் தானாகவே ஒரு வரி வந்தது: "பேசுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்."